நரம்பு விஞ்ஞானமும் அதன் கிளைகளும்

நினைவுக்கும் அன்புக்கும் அச்சத்துக்கும் உறைவிடம் எதுவென்று வினவினால், தமிழ் மொழி நெஞ்சையே சுட்டிக்காட்டும். மறவாதிருப்பதை நெஞ்சில் நிறுத்துதல் என்பர். இரக்கமற்றவனைக் கல்நெஞ்சன் என்பர். தெரிந்தே பொய்யுரைப்பவன் நெஞ்சறியப் பொய் சொல்கிறான் என்பர். இவ்வழக்கு தமிழருக்கு மட்டும் உரியதன்று. பழைய எகிப்தியர் இறந்தோரின் உடலைப் பதப்படுத்தியபோது இதயத்தை உடலிலேயே பேணி வைத்தனர். மூளையையோ மூக்குத் துளையின் வழியாகக் கொக்கியால் இழுத்து எறிந்தனர். கிரேக்கப் பேரறிஞராகிய அரிஸ்டோட்டில், இரத்தத்தின் வெப்பத்தைத் தணிப்பதே மூளையின் தொழில் எனக் கருதினார்.

இதைக் கேட்டு நகைப்பதற்கில்லை. அச்சம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது. துயரம் வந்தால் நெஞ்சு கனக்கிறது. மூளை அவ்வாறு எந்த அடையாளமும் காட்டுவதில்லை. மண்டையோட்டைத் திறந்து பார்த்தாற் சாம்பல் நிறமும் வெண்மையும் கலந்த, மெதுவான, மடிப்பு மடிப்பான ஒரு பொருள் அசையாமற் கிடக்கிறது. அதைத் தொட்டாலும் வெட்டினாலும் அதற்கு வலி தெரியாது. உடலின் மூலைமுடுக்கெங்கும் உண்டாகும் வலியை உணர்த்தும் உறுப்புக்குத் தன் வலியை உணரும் ஆற்றல் இல்லை. இத்தகைய உறுப்பே மனிதனின் அறிவனைத்துக்கும் இருப்பிடம் என்பதைக் கண்டறிவது எளிதான செயலாக இருக்கவில்லை.

அதை முதலிற் கூறியவர்கள் வைத்தியர்களே. கிறித்துவுக்கு முன் ஏறக்குறைய 400 ஆம் ஆண்டளவில், இப்போகிரட்டீசின் வைத்திய மரபைச் சேர்ந்த ஒரு நூல் வலிப்பு நோயைப் பற்றிப் பேசுகிறது. அந்நோயைத் தெய்வத்தின் செயல் என்று கிரேக்கர் நம்பியிருந்தனர். ஏனைய நோய்களிலும் இது தெய்வத்தன்மை மிக்கதன்று, இதன் காரணம் மூளையிலேயே உள்ளது, நோயின் காரணத்தை அறியாதவர்களே அதைத் தெய்வத்தின் மேற் சுமத்துகின்றனர் என்று அந்நூல் வாதிட்டது. அது கூறிய காரணம் இன்றைய அறிவுக்கு ஒவ்வாது. ஆயினும் கேள்வி சரியான இடத்திற் கேட்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர். தக்க சிகிச்சை கிடைத்தால் அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழமுடியும். இருந்தும், பேயோட்டியைத் தேடிப் போவதும், மகளுக்குத் திருமணம் தடைப்படுமென்று நோயை மறைப்பதும் இன்னும் நின்றுவிடவில்லை. மூளையைப் பற்றிய அறிவு ஏட்டுக்கல்வி மாத்திரமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் நிறையுள்ளது. உடல் நிறையில் இது நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆனால் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. அதனுள் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. இவ்வுறுப்பையும், முள்ளந்தண்டினூடே செல்லும் முண்ணாணையும், உடலெங்கும் பரந்த நரம்புகளையும் ஆராயும் துறைகள் பழையன. 'நரம்பு விஞ்ஞானம்' என்னும் பொதுப்பெயரோ புதியது. 1962 இல் அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் பிரான்சிஸ் சிமிற் என்பவர், வெவ்வேறு துறைகளில் நின்று மூளையை ஆராய்ந்தோரை ஒன்றுகூட்டி ஓர் ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார். 1969 இல் நரம்பு விஞ்ஞானத்துக்கென ஒரு சங்கம் அந்நாட்டில் அமைந்தது. அதற்கு முன்னர் உடலமைப்பை ஆய்பவர் ஒரு புறமும், இரசாயனம் ஆய்பவர் ஒரு புறமும், உள்ளத்தை ஆய்பவர் வேறொரு புறமுமாக இருந்தனர். எனவே நரம்பு விஞ்ஞானத்தின் கிளைகள் ஒரு மரத்திலிருந்து பிரிந்தவை அல்ல. வெவ்வேறு மலைகளிற் பிறந்து ஓரிடத்திற் கலந்த ஆறுகள் என்பதே பொருந்தும். ஒவ்வோர் ஆறும் ஒரு கேள்வியிலிருந்து ஊற்றெடுத்தது.

மூளை எதனால் ஆனது என்பதே முதற் கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எல்லா உயிர்களும் கலங்களால் ஆனவை என்பதை விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டிருந்தனர். மூளை மட்டும் பிடிகொடுக்கவில்லை. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால், நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பெருங்காடு ஒன்றே தெரிந்தது. எந்த நார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எவராலும் கூற இயலவில்லை.

இத்தாலியில் மிலான் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில், தீராத நோயாளர்க்கான வைத்தியசாலையொன்றில் கமில்லோ கொல்ஜி என்னும் வைத்தியர் பணியாற்றினார். ஆய்வுகூடம் எதுவும் அங்கே இல்லை. வைத்தியசாலையின் சமையலறை ஒன்றையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டு, இரவில் வேலை செய்தார். மூளைத் துண்டுகளைப் பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலில் ஊறவைத்து, பின் வெள்ளி நைத்திரேற்றில் இட்டபோது புதுமையான ஒரு விளைவு தோன்றியது. ஆயிரமாயிரம் கலங்களில் ஒரு சில மட்டுமே கறுப்பாகின. ஆனால் அவ்வாறு கறுத்த கலம், வேரும் கிளையும் நுனியும் உட்பட முழுமையாகக் கறுத்தது. மஞ்சட் பின்னணியில் மையால் வரைந்ததுபோல் அது தனித்து நின்றது. 1873 இல் கொல்ஜி இம்முறையை வெளியிட்டார். அனைத்தும் கறுத்திருந்தாற் காடு காடாகவே இருந்திருக்கும். சில மட்டும் கறுத்தமையே பெரும்பேறாயிற்று.

அம்முறை பல ஆண்டுகள் பிறரால் அதிகம் கவனிக்கப்படாமற் கிடந்தது. 1887 இல் ஸ்பானிய வைத்தியர் சந்தியாகோ ரமோன் இ கஹால், மட்றிட் நகரிலே நண்பரொருவரின் வீட்டில் அவ்வாறு கறுப்பூட்டிய துண்டொன்றைக் கண்டார். சிறுவயதில் ஓவியராக விரும்பியவர் அவர். தந்தையார் அதற்கு இணங்காது, நாவிதரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பினார். அந்த ஓவியக் கண் வீண்போகவில்லை. முதிர்ந்த மூளையின் அடர்ந்த காட்டை விட்டு, பறவைக் கருக்களையும் குட்டிகளையும் எடுத்து ஆராய்ந்தார். இளங்கன்றுத் தோட்டத்தில் ஒவ்வொரு கன்றும் தனித்தனியே தெரிவதுபோல அங்கே ஒவ்வொரு நரம்புக்கலமும் தெரிந்தது. ஒரு கலத்தின் நார் மற்றொரு கலத்தின் அருகே வந்து நெருங்கி நிற்கிறது. ஆனால் அதனோடு ஒட்டி ஒன்றாகிவிடுவதில்லை. 1888 இல் அவர் இதை எழுதினார். அதை வெளியிடத் தம் பணத்தைச் செலவிட்டுச் சொந்தமாக ஒரு சஞ்சிகையையே தொடங்கவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு பேர்லினில் நடந்த உடலமைப்பியலாளர் மாநாட்டுக்குச் சென்று, முதுபெரும் அறிஞராகிய கோலிக்கரைத் தம் நுணுக்குக்காட்டியின் முன் அழைத்து வந்து காட்டினார். அன்றே கஹாலின் பெயர் ஐரோப்பாவிற் பரவத் தொடங்கியது.

கொல்ஜி மட்டும் ஒப்பவில்லை. நரம்பு மண்டலம் முழுவதும் இடையறாத ஒரே வலை என்பது அவரது உறுதியான கொள்கை. 1906 இல் நோபெல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஸ்டொக்கோமில் நிகழ்த்திய பரிசுரையிலேயே கொல்ஜி, நரம்புக்கலக் கொள்கையை மறுத்துப் பேசினார். மறுநாள் கஹால் அதே கொள்கையை நிலைநாட்டிப் பேசினார். ஒருவர் கண்டுபிடித்த முறையைக் கொண்டு மற்றவர் அவர் கொள்கையைத் தகர்த்தார் என்பதை நினைக்கும்போது, கொல்ஜியின் மனக்கசப்பைப் புரிந்துகொள்வது கடினமன்று. இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபின், 1950 களில், இரு கலங்களுக்கிடையே ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவான இடைவெளி உண்டென்பது கண்ணாற் காணப்பட்டது. வழக்கு கஹாலுக்குச் சார்பாகத் தீர்ந்தது. ஆயினும், கலத்திலிருந்து கலத்துக்கு நேரே மின் பாயும் இணைப்புகளும் சில இடங்களில் உண்டென்று 1959 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தோற்றவரின் பக்கத்திலும் சிறிது உண்மை இருந்தது.

இவ்வழியே வந்தது நரம்பு உடலமைப்பியல். இன்று அத்துறையினர் கலங்களின் இணைப்புகள் அனைத்தையும் வரைபடமாக்க முயல்கின்றனர். 302 நரம்புக்கலங்களை மட்டுமே உடைய ஒரு சிறு புழுவின் வரைபடம் 1986 இல் வெளிவந்தது. வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு ஈயின் மூளைப்படம், 139,255 நரம்புக்கலங்களும் 5 கோடிக்கு மேற்பட்ட சந்திகளும் கொண்டதாய், 2024 இல் வெளிவந்தது. ஈக்கே இவ்வளவு காலம் பிடித்தது.

கலங்கள் தனித்தனியானவை என்றால் அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவது எப்படி? இது நரம்பு உடற்றொழிலியலின் கேள்வி. வெட்டி எடுத்த தவளைக் காலில் மின்பொறி பட்டதும் அது துடித்ததை இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் கல்வானி கண்டு, 1791 இல் நூலாக எழுதினார். நரம்பிலே ஓடுவது மின் என்றால் அது மின்னல் வேகத்திற் செல்லும், அதை அளத்தல் மனிதனால் ஆகாது என்று பலர் எண்ணினர். செருமானிய அறிஞர் எல்மோற்ஸ் 1850 இல் தவளை நரம்பிலேயே அதை அளந்தார். கிடைத்த வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 30 மீற்றர். ஓடுகின்ற புகைவண்டியின் வேகத்தை ஒத்தது அது. காலில் முள் தைத்த கணமும் அதை மனிதன் உணரும் கணமும் ஒன்றல்ல என்பது அன்று முதன்முறையாகத் தெளிவாயிற்று.

செப்புக் கம்பியில் ஓடும் மின்சாரம் இத்துணை மெதுவாகச் செல்லாது. அப்படியானால் நரம்பிலே நிகழ்வது யாது? இதற்கு விடை தந்தது கடலிலே வாழும் ஓர் உயிர். கணவாயின் ஓர் இனத்திலே, உடலைச் சுருக்கி நீரைப் பீச்சி ஓடுவதற்கு உதவும் நரம்புநார் ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பானது. மனித நரம்புநாரைப் போலப் பல மடங்கு பருமன். மெல்லிய கம்பியை அதனுள்ளேயே செலுத்தலாம். 1939 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் அலன் ஹொட்ஜ்கின், அன்ட்ரூ ஹக்ஸிலி என்னும் இருவரும் அதைச் செய்து முடித்தனர். சில வாரங்களில் உலகப்போர் மூண்டது; ஆராய்ச்சி நின்றது. போர் முடிந்தபின் மீண்டும் தொடங்கி, 1952 இல் முடிவை வெளியிட்டனர். நாரின் சவ்விலே சோடியம் அயன்கள் உட்புகவும், அதன்பின் பொற்றாசியம் அயன்கள் வெளியேறவும் வழி திறக்கிறது. ஓரிடத்தில் நிகழ்ந்த இம்மாற்றம் அடுத்த இடத்தைத் தூண்ட, தீ திரியிலே செல்வதுபோல் துடிப்பு நாரின் வழியே செல்கிறது. இதற்குரிய சமன்பாடுகளை ஹக்ஸிலி கையாற் சுழற்றும் கணக்குப்பொறியில் வாரக்கணக்காக இருந்து தீர்த்தார். நரம்புகளின் தொழிலைக் கணக்கால் எழுதிக்காட்டும் கணிப்பு நரம்பு விஞ்ஞானம் என்னும் கிளை அதிலிருந்து பெருவலிமை பெற்றது. பல் வைத்தியர் பல்லைப் பிடுங்குமுன் ஈறிலே ஏற்றும் மருந்து, அந்தச் சோடிய வழியை அடைப்பதனாலேயே வலி மூளைக்குச் சென்று சேர்வதில்லை.

துடிப்பு நாரின் நுனிக்கு வந்துவிட்டது, முன்னே இடைவெளி. அதை எவ்வாறு கடப்பது? ஒஸ்திரியாவின் கிராஸ் நகரிலிருந்த ஓட்டோ லோவி, இதற்குரிய பரிசோதனை கனவிலே தோன்றியதாகப் பிற்காலத்திற் கூறியிருக்கிறார். 1921 இல் அவர் வெளியிட்ட பரிசோதனை மிக எளிமையானது. தவளை இதயங்கள் இரண்டை எடுத்து, ஒன்றின் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்புத் தளர்ந்தது. அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாம் இதயத்தில் இட்டார், அதுவும் தளர்ந்தது. ஆகவே நரம்பு நுனியிலிருந்து ஏதோ ஓர் இரசாயனப் பொருள் வெளிப்பட்டிருக்கவேண்டும். அது அசெற்றைல்கோலின் என்பது பின்னர் உறுதியாயிற்று. நரம்பு இரசாயனவியலும் நரம்பு மருந்தியலும் இவ்வாறு தலையெடுத்தன.

இலங்கை மக்களுக்கு இந்தப் பொருள் தொலைவில் உள்ளதன்று. வயல்களில் தெளிக்கப்பட்ட சேதன பொசுபரசுப் பூச்சிகொல்லிகள், வேலை முடிந்த அசெற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தைத் தடைசெய்வன. அதனாற் கட்டளை ஓயாது தொடர்கிறது. வாயில் நீர் பெருகுகிறது, கண்மணி சுருங்குகிறது, மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. இந்நோயாளரைக் காணாத கிராமப்புற வைத்தியசாலை இலங்கையில் அரிது. நரம்புச் சந்தியை அறிந்தமையாலேயே அத்திரோப்பீன் என்னும் மாற்று மருந்து கைக்கு வந்தது. 1984 இலும் 1995 இலும் மிகக் கொடிய வகைகள் நாட்டில் தடைசெய்யப்பட்டபின் நஞ்சினால் இறப்போர் தொகை பெரிதும் வீழ்ந்தது. மருந்தும் உயிரைக் காத்தது. சட்டம் அதனிலும் பலரைக் காத்தது.

மற்றொரு கதையும் இந்தத் திசையிலிருந்தே தொடங்குகிறது. ஆயுர்வேத வைத்தியர் நெடுங்காலம் கையாண்டுவந்த சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர், இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிக்கிறதென்று கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இந்திய வைத்தியர் இருவர் 1931 இல் எழுதினர். 1952 இல் சுவிற்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்ப்பைன் என்ற மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்றுக் கிடந்தன. பின்பு எல்-டோபா என்ற பொருளை ஊசியால் ஏற்றினார். முயல்கள் எழுந்து நடமாடின. உடலில் எல்-டோபாவிலிருந்து டோபமின் உண்டாகிறது. அந்த டோபமினே மூளையில் ஒரு தூதுப்பொருள் என்பதை இது வெளிப்படுத்தியது. கை நடுங்கி, நடை குறுகி, முகம் உணர்ச்சியற்றுப்போகும் பார்க்கின்சன் நோயாளரின் மூளையில் டோபமின் குன்றியிருப்பதை வியன்னாவில் ஓர்ணிகீவிச் 1960 இற் கண்டார். அடுத்த ஆண்டே நோயாளருக்கு எல்-டோபா ஏற்றப்பட்டது. இன்றும் அந்நோய்க்கு முதன்மையான மருந்து அதுவே. நோயை அது அடியோடு நீக்குவதில்லை. நீண்டகாலம் உண்டால் வேறு தொல்லைகளும் வரும். ஆனாற் படுக்கையிற் கிடந்தவர் எழுந்து தம் கையால் உண்பதைக் கண்ட குடும்பத்தார் அதைச் சிறிய உதவி என்று சொல்லமாட்டார்.

மூளை எவ்வாறு உருவாகி வளர்கிறது, வளர்ந்தபின் மாறுமா என்பன வேறு சிலரின் கேள்விகள். ஹியூபெல், வீசல் என்னும் இருவர் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்தபின் சில மாதங்கள் மூடிவைத்துப் பின் திறந்தனர். கண்ணிற் குறையேதும் இல்லை. இருந்தும் அக்கண்ணுக்குப் பார்வை இல்லை. பார்க்கக் கற்கவேண்டிய பருவத்தில் மூளைக்குப் பாடம் கிடைக்கவில்லை. கண்ணிற் புரையோடு பிறந்த குழந்தைக்கு, வளரட்டும் பார்ப்போம் என்று காத்திராமல், பிறந்த சில வாரங்களிலேயே சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்ற விதிக்கு அடிப்படை இதுவே.

ஆனால் வளர்ந்த மூளையும் கல்லாகிவிடுவதில்லை. கையோ காலோ வெட்டப்பட்டபின்னும் அது இருப்பதாகவே உணர்ந்து, இல்லாத விரலில் வலியால் துடிப்போர் உளர். இதற்குப் பேயுறுப்பு என்று பெயரிட்டவர், அமெரிக்க உள்நாட்டுப் போரிற் காயமுற்ற படைவீரரைப் பராமரித்த வெயர் மிச்செல் என்னும் வைத்தியர். தமிழ்நாட்டிற் பிறந்து சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990 களில் கலிபோர்னியாவிலிருந்து இதற்கு ஓர் எளிய உபாயம் கண்டார். நடுவே கண்ணாடி நிறுத்திய ஒரு பெட்டி. அதில் நோயாளர் தம் நல்ல கையை அசைக்கும்போது, கண்ணாடியில் இழந்த கை மீண்டுவந்து அசைவதுபோற் தோன்றும். இறுகப் பொத்திய கை விரிந்ததாக உணர்ந்து வலி தணிந்தவர் சிலர். எல்லோருக்கும் அது பயனளிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கண்ணிவெடியால் காலிழந்தோர் பலர் வாழும் நாட்டில், சில நூறு ரூபாவுக்குள் அடங்கும் இந்தக் கண்ணாடிச் சிகிச்சை அறியப்படவேண்டிய ஒன்று.

இனி, மூளைக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் நரம்பு உளவியல். மற்றக் கிளைகள் தவளைக்கும் கணவாய்க்கும் கடமைப்பட்டவை. இது நோயுற்ற மனிதருக்குக் கடமைப்பட்டது.

பரிசு மாநகருக்கு அருகிலுள்ள பிசேத்தர் வைத்தியசாலையில் லெபோர்ன் என்பவர் இருபத்தொரு ஆண்டுகள் வாழ்ந்தார். முப்பது வயதளவிற் பேச்சை இழந்தவர் அவர். எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்ற ஒலியே விடையாக வரும். அதனால் வைத்தியசாலையில் அவருக்கு டான் என்பதே பெயராயிற்று. பிறர் பேசுவதை அவர் பெரும்பாலும் விளங்கிக்கொண்டார். காலிலே புண் அழுகிய நிலையில் 1861 ஏப்ரிலில் அவர் போல் புறோக்கா என்ற சத்திரசிகிச்சை வைத்தியரிடம் கொண்டுவரப்பட்டார். இங்கே எத்தனை ஆண்டுகள் இருக்கிறீர் என்று புறோக்கா கேட்டபோது, இடது கையின் ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டி, பின் ஒரு விரலைத் தனியே காட்டினார். கணக்குச் சரி. அறிவு கெடவில்லை; நாக்கும் உதடும் அசைந்தன; பேச்சு மட்டும் இல்லை. சில நாட்களில் அவர் இறந்தார். மூளையை எடுத்துப் பார்த்தபோது இடப்புறத்து முன் மடலில் ஓரிடம் சிதைந்திருந்தது. அத்தகைய வேறு நோயாளரையும் ஆராய்ந்தபின், பேச்சின் ஆட்சி மூளையின் இடப்பாதியைச் சார்ந்தது என்று 1865 இற் புறோக்கா அறிவித்தார். பின்னர் 1874 இல் வேர்ணிக்கி, சரளமாகப் பேசியும் பொருளற்றுப் பேசுவோரை ஆராய்ந்து, மூளையின் பக்க மடலில் வேறோரிடத்தைச் சுட்டினார். பாரிசவாதத்தால் வாய் குழறிய முதியவரை அறிவு மழுங்கியவர் என்று வீட்டார் எண்ணி, அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் பேசுவது எத்தனை கொடியது என்பதை லெபோர்னின் விரல்கள் அன்றே உணர்த்தின.

புறோக்கா அம்மூளையை வெட்டாமல் பேணி வைத்தார். 2007 இல் அதைக் காந்தப் புலத்திற் படமெடுத்துப் பார்த்தவர்கள், சிதைவு மேற்பரப்போடு நில்லாமல் ஆழத்தே வெகுதூரம் சென்றிருப்பதைக் கண்டனர். பேச்சு ஓரிடத்தில் மட்டும் குடியிருப்பதன்று. பல இடங்களும் அவற்றை இணைக்கும் நார்களும் சேர்ந்து நடத்தும் தொழில் அது.

நினைவைப் பற்றி அறிவித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலெய்சன். சிறுவயது முதல் வலிப்பால் வருந்திய அவருக்கு, 1953 இல், இருபத்தேழாம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற வைத்தியர் மூளையின் இரு புறத்தும் உட்பகுதியை வெட்டி நீக்கினார். கடற்குதிரையின் வடிவை ஒத்ததாய், அப்பெயராலேயே வழங்கும் உறுப்பின் பெரும்பகுதியும் அதில் அடங்கும். வலிப்புப் பெரிதும் குறைந்தது. ஆனால் அன்றுமுதல் அவரிடம் புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. சற்றுமுன் பேசியவர் அறையை விட்டுச் சென்று திரும்பி வந்தால், அவருக்கு அவர் புதியவர். மொன்றியாலிலிருந்து வந்த பிறெண்டா மில்னர், கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரமொன்றின் விளிம்பைப் பென்சிலால் வரையும் பயிற்சியைக் கொடுத்தார். மூன்று நாட்களில் அவர் கை நன்றாகத் தேர்ந்துவிட்டது; ஆனால் அதைத் தாம் முன்னர் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. கையின் பழக்கமும், நிகழ்ந்ததன் நினைவும் மூளையில் வெவ்வேறு வழிகளிற் செல்கின்றன என்பது இதனால் விளங்கிற்று. அறிதிறன் நரம்பு விஞ்ஞானம் எனப்படும் இன்றைய கிளைக்கு இதனிலும் உறுதியான அடித்தளம் குறைவு.

அச்சத்திரசிகிச்சையின் விளைவை ஸ்கோவில் மறைக்கவில்லை. 1957 இல் மில்னருடன் சேர்ந்து அதை எழுதி, இரு புறமும் வெட்டுவதன் கேட்டை மற்ற வைத்தியர்க்கு அறிவித்தார். இன்று வலிப்புக்காக வெட்டும் நரம்புச் சத்திரசிகிச்சையாளர், ஒரு புறத்தை மட்டுமே, அதுவும் மறுபுறம் நினைவைத் தாங்குமா என்று சோதித்த பின்னரே வெட்டுகின்றனர். மொலெய்சன் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சலிப்பின்றிச் சோதனைகளுக்கு உட்பட்டார்; இனிய சுபாவமுடையவர் என்று அவரோடு பழகியோர் எழுதியுள்ளனர். ஆனால், நேற்று ஒப்பியதை இன்று நினைவிற் கொள்ளாத ஒருவரின் ஒப்புதலை ஒப்புதல் என்று கொள்ளலாமா என்ற கேள்வி, அறிஞரிடையே இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது. வைத்தியத்தோடு தொடர்புடைய நரம்பியல், உளமருத்துவம், நரம்புச் சத்திரசிகிச்சை ஆகிய எந்தக் கிளையிற் புகும் மாணவரும், உடலமைப்பைக் கற்கும் முன்னரே இக்கேள்வியைச் சந்தித்தல் நன்று.

மொலெய்சன் 2008 டிசம்பர் 2 ஆம் நாள் இறந்தார். அதுவரை உலகம் அவரை அவர் பெயரின் முதலெழுத்துக்களால் மட்டுமே அறிந்திருந்தது. மறு ஆண்டு சான் டியேகோ நகரில், உறையவைத்த அவரது மூளை 53 மணி நேரத்தில் 2,401 மெல்லிய படலங்களாகச் சீவப்பட்டது. 2014 இல் அந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. கடற்குதிரை உறுப்பின் பின்பகுதி, ஸ்கோவில் கருதியதைவிடக் கூடுதலாக எஞ்சியிருந்தது. முன் மடலில், எவரும் எதிர்பாராத ஒரு சிறு தழும்பும் காணப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாடநூல்களில் இடம்பெற்றுவந்த அந்த மூளையின் படத்தை, நூலாசிரியர்கள் திருத்தி வரையவேண்டியதாயிற்று.